படித்தவர்களின் கைநாட்டு

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் லேவாதேவிக்காரனிடம் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு காணியை இழந்தான் என்று கேள்விப்பட்டால் நம்மில் படித்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரிக்காமல் விரலை அழுத்துவானா? அவன் புத்தி எங்கே போயிற்று?" என்று சொல்லுகிறார்கள். அவன் பேரில் பரிதாபப்படுவதைவிட அவனை இளக்காரமாய்ப் பேசுவதிலேயே அவர்களுக்குத் திருப்தி அதிகம்.

ஆனால், இப்படிப் பேசுகின்ற அதே படித்தவர் 40,000 ரூபாய் கொடுத்து ஒரு கணினியை வாங்கி வீட்டில் வைத்து, முதன்முதலாய் அதன் பொத்தானை அழுத்துகின்றபோது என்ன நடக்கின்றது? பக்கம் பக்கமாய் ஓர் ஒப்பந்தம் திரையில் வருகின்றது. அதன் அடியில் "சம்மதம்" என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியையாவது இவர் வாசிக்கிறாரா? நான் போகின்ற ஊர்களில் கூட்டம் முடிந்த பிறகு கணினி வைத்திருக்கின்ற தோழர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாத்தியார், வக்கீல் குமாஸ்தா, பாங்கி உத்தியோகஸ்தர், இஞ்சினியர் உள்பட ஒருவராவது "வாசித்தேன்" என்று சொன்னது கிடையாது. நானும் வெகுகாலம் வாசித்ததில்லை. வாசிக்காமல் அழுத்தினால் அதற்குக் கையெழுத்து என்று பெயரல்ல. கைநாட்டு என்றுதான் பெயர். மை ஒன்றுதான் குறைச்சல்.

அந்த ஒப்பந்தத்தில் இருப்பதுதான் என்ன? நம் நாட்டில் பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ். அதன் ஒப்பந்தத்தில், இந்த மென்பொருள் உமக்கு விற்கப்படவில்லை, உபயோகித்துக்கொள்ள அனுமதி மாத்திரம் கொடுக்கப்படுகின்றது என்று தெளிவாய் எழுதியிருக்கின்றது. அதைப் பிரித்துப் பார்த்து எப்படி வேலை செய்கின்றது என்று ஆராயக்கூடாது என்றும் எழுதியிருக்கின்றது. கம்பெனியார் ஒளித்து எதையும் செய்துவிடவில்லை. எழுதி வைத்தார்கள், நாம்தான் வாசிக்கவில்லை. இரும்பும் கண்ணாடியும் நம்முடையவை. அவற்றை ஆட்டிவைக்கின்ற மூளை மாத்திரம் இரவல் என்பதே இதன் கருத்து.

இரவலாய் இருந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்று கேட்கலாம். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அது மாறிற்று.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கணினி இருக்கின்றது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற தோழர் ஒருவர் 2016இல் வாங்கிக் கொடுத்தது. அதில்தான் பிள்ளைகள் உதவித்தொகைக்கு மனுப் போடுவார்கள். பரீட்சை முடிவு பார்ப்பார்கள். குடியானவர்கள் பட்டா, சிட்டா எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு நோட்டீசும் அதிலேதான் அடிப்போம். அதில் இருந்தது விண்டோஸ் 10. 2015இல் வெளிவந்த அதற்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சாதாரண ஆதரவை நிறுத்திக்கொள்வதாய்க் கம்பெனியார் முன்கூட்டியே அறிவித்தபடி நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, அதற்குப் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துக் கொடுக்கமாட்டார்கள். ஓராண்டுக்கு மாத்திரம், 30 டாலர் கட்டினால், அல்லது கம்பெனியில் கணக்கு வைத்து நம் அமைப்புகளை அவர்களிடம் சேமித்து வைத்தால், அடைத்துக் கொடுப்பதாய் ஒரு தவணையும் சொன்னார்கள்.

அப்படியானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்கின்ற பாதுகாப்புச் சில்லும், ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட பிராசஸரும் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் கணினியில் பிராசஸர் பழைய தலைமுறையைச் சேர்ந்தது. பாதுகாப்புக்காகவே இந்த நிபந்தனை என்று கம்பெனியார் சொல்லுகிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பத்து வருஷம் ஆதரவு கொடுத்ததும் அற்பமல்ல. என்றாலும் விளைவு என்ன? பழுதில்லாத ஒரு யந்திரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கோ போடப்பட்ட ஓர் உத்தரவினால் கிழடாக்கப்பட்டது.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "இது இனிமேல் குப்பைதான் அண்ணே. 38,000க்குப் புதுசு ஒன்று தருகிறேன். பழசுக்கு வேண்டுமானால் 800 ரூபாய் கழித்துக்கொள்கிறேன்" என்றார். படிப்பகத்தின் இருப்போ, மாதச் சந்தாவில் மீதம் பிடித்த 11,000 ரூபாய். அதைப் புத்தகம் வாங்கவும் மழைக்கு ஒழுகுகின்ற கூரையைப் பார்க்கவும் வைத்திருந்தோம். கணினி வேண்டுமா, கூரை வேண்டுமா என்கின்ற நிலைமை ஏற்பட்டது.

அப்போது பாலிடெக்னிக்கில் படிக்கின்ற எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து, "அய்யா, இதில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. என்னை நம்ப வேண்டாம். இதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பதை இது தொடாது. பிடிக்கவில்லையானால் பிடுங்கிவிடுங்கள், பழையபடியே இருக்கும்" என்றார். நம்பு என்று சொல்லாமல் பார் என்று சொன்ன அந்த வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. மூன்று நாள் பார்த்தோம். நான்காம் நாள் பழையதில் இருந்த கோப்புகளை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு, இதையே நிலையாய் ஏற்றிவிட்டோம். கூரைக்கு ஓடும் போட்டாயிற்று.

இயங்குதளம் என்றால் என்ன?

கணினி வைத்திராத தோழர்களுக்காகச் சற்று விளக்கமாய்ச் சொல்லுகிறேன். கணினி ஓர் அரிசி ஆலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல யந்திரங்கள் இருக்கின்றன. யந்திரத்துக்குத் தானாய் ஒன்றும் தெரியாது. எதை எப்பொழுது ஓட்டுவது, எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது, வருகிறவன் சொன்னதை யாரிடம் சொல்லிச் செய்விப்பது என்பதையெல்லாம் பார்ப்பதற்கு ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிதான் இயங்குதளம். கடிதம் எழுதுவது, கணக்குப் போடுவது, படம் பார்ப்பது எல்லாம் அவன் கீழே நடக்கின்ற வேலைகள்.

இந்த மேஸ்திரி ஆகாயத்திலிருந்து குதித்தவனல்ல. மனிதர்கள் உட்கார்ந்து, மனிதர்கள் வாசிக்கக்கூடிய விதமாய், லட்சக்கணக்கான வரிகளில் எழுதிய கட்டளைகள்தான் அவன். அந்த எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். அதை யந்திரத்துக்குப் புரிகின்ற ஒன்றும் சுழியுமான எண்களாய் மாற்றிய பிறகு மனிதன் வாசித்து அர்த்தம் செய்துகொள்வது வெகு கஷ்டம். மூடிய மென்பொருள் விற்கின்ற கம்பெனிகள் இந்த எண் மூட்டையைத்தான் நம்மிடம் கொடுக்கின்றன; மூலநிரலைத் தங்கள் பெட்டியில் பூட்டிக்கொள்கின்றன. திறந்த மென்பொருள்காரர்கள் இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த வித்தியாசத்துக்குள்ளே எஜமான் யார் என்கின்ற கேள்வி முழுதும் அடங்கியிருக்கின்றது.

இந்தக் கிளர்ச்சியும் ஒரு கையெழுத்திலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சிசாலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்துவந்தார். அங்கே இருந்த பழைய அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய யந்திரம் வந்தது, மூலநிரல் வரவில்லை. காகிதம் சிக்குவது மாத்திரம் நிற்கவில்லை. மூலநிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் போய்க் கேட்டபோது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று தாம் எழுதிக் கொடுத்துவிட்டதாய் அவர் மறுத்துவிட்டார். அடுத்தவனுக்கு உதவமாட்டேன் என்பதற்கு ஒரு கையெழுத்தா என்று ஸ்டால்மனுக்கு ஆத்திரம் வந்தது. 1983 செப்டம்பரில், எவரும் வாசிக்கவும் திருத்தவும் கொடுக்கவும் கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாய் அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயர். 1989இல் குனு பொது உரிமம் என்கின்ற ஒப்பந்தத்தை வெளியிட்டார். இந்த உரிமத்தின் கீழ் வாங்கினவன் திருத்தி மற்றவனுக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது அவனுக்கும் இதே உரிமையைக் கொடுத்தாக வேண்டும். தான் ஏறிய ஏணியை இழுத்துக்கொள்ளக்கூடாது என்பதே அதன் உயிர்நாடி.

1991 ஆகஸ்டு 25ஆம் தேதி, பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், 21 வயதுப் பிள்ளை, பொழுதுபோக்காய் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாய் அறிவித்தார். அவர் எழுதியது மேஸ்திரியின் மூளையாகிய உட்கரு. 1992இல் அதை அந்தக் குனு உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இருவர் வேலையும் சேர்ந்துதான் லினக்ஸ் என்று நாம் சொல்லுகின்ற இயங்குதளங்கள். டெபியன் 1993இலும், உபுண்டு 2004இலும், மின்ட் 2006இலும் தோன்றின. இன்று உலகத்தின் மிகப் பெரிய 500 மீக்கணினிகளின் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கின்ற ஆண்ட்ராய்டு கைபேசியின் உட்கருவும் அதுதான். ஆனால் மேசைக் கணினிகளில் மாத்திரம், 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி, நூற்றுக்கு நான்குதான் லினக்ஸ். பெரிய யந்திரங்களுக்கு ஏற்றதாய் இருப்பது சாதாரண மனிதன் மேசைக்கு மாத்திரம் ஏன் ஆகவில்லை? அதற்குச் சொல்லப்படுகின்ற ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

ஆட்சேபணைகள்

முதலாவது, "சும்மா கிடைப்பது உருப்படியாய் இருக்குமா?" என்பது. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி சொல்லுவார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. தானமாய் வந்தாலும் பார், விலைக்கு வந்தாலும் பார். திறந்த மென்பொருளின் விசேஷமே, வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்ற மாடு அது என்பதுதான். காசு கொடுத்து வாங்குகின்ற மாட்டின் வாயோ தைக்கப்பட்டிருக்கின்றது! அன்றியும், இதில் விலை இரண்டாம் பட்சம். ஆங்கிலத்தில் சும்மா என்பதற்கும் சுதந்திரம் என்பதற்கும் ஒரே வார்த்தை இருப்பதால் அவர்கள் குழம்புகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் சொல்லுவது இதனால்தான். எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கலாம், ஆராயலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்கின்ற நான்கு உரிமைகள்தான் அந்தக் கட்டறுப்பு.

இரண்டாவது ஆட்சேபணை கொஞ்சம் பலமானது. "மூலநிரலைத் திறந்து வைத்தால் எனக்கென்ன? எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. இஞ்சினியருக்கல்லவா அது பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள். எனக்கும் புரியாது. நான் எட்டாவதுக்குமேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. ஆனால், பஞ்சாயத்துக் கணக்கை எல்லோரும் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தால், கணக்குத் தெரியாதவனுக்கு அதனால் லாபமில்லை என்று யாராவது சொல்லுவார்களா? கணக்குத் தெரிந்த ஒருவன் என்றைக்காவது வந்து பார்த்துவிடுவான் என்கின்ற பயமே எழுதுகிறவன் கையைப் பிடிக்கின்றது. கணக்கைப் பூட்டிவைத்தால் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான்.

இதற்குச் சமீபத்திய திருஷ்டாந்தம் ஒன்று சொல்லுகிறேன். எக்ஸ்இசட் என்கின்ற சிறிய திறந்த மென்பொருள் பல லினக்ஸ்களில் சேர்ந்திருக்கின்றது. அதைப் பராமரித்துவந்தவர் ஒரு தனி மனிதர். ஜியா டான் என்கின்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராய் நடந்து நம்பிக்கை பெற்று, அதனுள் ஒரு திருட்டு வாசலை வைத்துவிட்டார். 2024 மார்ச் மாதம் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கின்ற இஞ்சினியர், தம் யந்திரத்தில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாவதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்து, அந்தத் திருட்டு வாசலைக் கண்டுபிடித்து மார்ச் 29ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் கெட்ட பதிப்புகள் நிலையான பதிப்புகளில் பரவுவதற்கு முன்பே பிடிபட்டன. அவர் சம்பளம் வாங்குவது மைக்ரோசாப்ட் கம்பெனியில் என்பது இதில் ஒரு வேடிக்கை. எந்தக் கம்பெனியில் இருந்தால் என்ன? உள்ளே பார்க்க வழி இருந்தது. பார்க்கின்ற புத்தியும் இருந்தது.

ஆனால் இதையே வைத்துக்கொண்டு, திறந்து வைத்தால் தானாகவே பத்திரம் என்று பஜனை பாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஓப்பன்எஸ்எஸ்எல் என்கின்ற திறந்த மென்பொருளில், ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற பெரிய ஓட்டை 2012இல் புகுந்தது. 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. இரண்டு வருஷம் கதவு திறந்தே இருந்தது. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க உரிமை இருப்பது வேறு, பார்ப்பது வேறு. புத்தகசாலையைத் திறந்துவிட்டதாலேயே ஊரார் படித்தவர்களாகிவிடமாட்டார்கள். ஆனால் புத்தகசாலையைப் பூட்டிவிட்டால் ஒருவனும் படிக்கமுடியாது என்பது மாத்திரம் நிச்சயம்.

மூன்றாவது, "இது சாதாரண மனிதனுக்குக் கஷ்டம்" என்பது. பக்கத்திலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கணினி கற்பது பல வருஷங்களாய் லினக்ஸில்தான். 2019இல் 2 லட்சம் பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்புப் போடப்பட்டபோது, உரிமத் தொகையில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அதை நடத்துகின்ற கைட் நிறுவனத்தார் கணக்குச் சொன்னார்கள். பிரான்சு தேசத்து ஜான்டார்மரி என்கின்ற போலீஸ் படை 2008 முதல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கி, 70,000க்கு மேற்பட்ட கணினிகளில் அதை வைத்து வேலை செய்கின்றது. பத்து வயதுப் பிள்ளைக்கும் துப்பாக்கி பிடிக்கின்ற போலீஸ்காரனுக்கும் முடிந்தது நமக்கு முடியாதா?

நம் தமிழ்நாட்டிலும் 2011 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்கின்ற லினக்ஸும் சேர்த்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள். நான் கண்ட பிள்ளைகளில் பாஸைத் திறந்து பார்த்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. காரணம் என்ன? கேரளத்தில் பாடப்புத்தகமும் அதில், பரீட்சையும் அதில், வாத்தியாருக்குப் பயிற்சியும் அதில். இங்கே பெட்டிக்குள் போட்டுக் கொடுத்ததோடு சரி. கற்பிக்காமல் கொடுத்த பொருளைப் பிள்ளைகள் உபயோகிக்கவில்லை என்றால் குற்றம் பொருளினுடையதா, கொடுத்தவர்களுடையதா?

தோற்ற கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஜெர்மனியில் மூனிக் நகரசபையார் 2004 முதல் வேலை செய்து, 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி உலகம் மெச்சப் பேர் வாங்கினார்கள். 2017இல் அதே நகரசபை மறுபடியும் விண்டோஸுக்கே போவதென்று தீர்மானித்தது. உபயோகித்த உத்தியோகஸ்தர்களின் குறைகளே காரணம் என்பாரும், அரசியலே காரணம் என்பாரும் உண்டு. எது எப்படியாயினும், மென்பொருளை மாற்றினால் மாத்திரம் போதாது, அதன் பின்னால் நின்று குறை தீர்க்க ஆளும் வேண்டும் என்பது அதில் தெரிகின்றது. ஒருவர் தோற்றார் என்று மற்றவர்கள் நின்றுவிடவுமில்லை. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தார் தங்கள் 30,000 கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றுவதாய் 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

நான்காவது, "எனக்கு வேண்டிய மென்பொருள் அதில் இல்லை" என்பது. இது உண்மையான ஆட்சேபணை. இதற்குச் சமாதானம் சொல்லி மழுப்பக்கூடாது. டாலியில் கணக்கு எழுதுகின்ற கடைக்காரருக்கும், போட்டோஷாப்பில் வேலை செய்கின்ற ஸ்டூடியோக்காரருக்கும், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகின்ற அச்சகத்தாருக்கும் லினக்ஸில் அவை நேராய் ஓடமாட்டா. அவர்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு மாற வேண்டும் என்று சொல்லுகிறவன் அவர்களுக்கு நண்பனல்ல. ஆனால் நூறு பேரில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் செய்வதெல்லாம் இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, மனுப் போடுவது, படம் பார்ப்பது. இவற்றுக்கு ஃபயர்பாக்ஸும் லிப்ரேஆபீசும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கின்றது. எங்கள் படிப்பகத்தில் அதை அமைப்பதற்கு ஒரு மாலையும், பழைய அச்சு யந்திரத்தைப் பழக்குவதற்கு இரண்டு மாலையும் ஆயின. கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று மாலைக் கஷ்டத்துக்கு 38,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது, வெளியில் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கின்ற ஆட்சேபணை ஒன்று உண்டு. "நான்தான் கடைக்காரரிடம் 200 ரூபாய் கொடுத்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்கிறேனே! எனக்கு எல்லாம் ஒன்றுதானே?" என்பது அது. தோழர்களே! விலங்கைத் திருடிக் காலில் மாட்டிக்கொண்டவனை விடுதலை பெற்றவன் என்று யாராவது சொல்லுவார்களா? திருடின பூட்டுக்குச் சாவி இன்னமும் கம்பெனியிடம்தான் இருக்கின்றது. போதாததற்கு, பூட்டை உடைத்துக் கொடுத்தவன் அதற்குள் இன்னும் என்ன வைத்தானோ, அதையும் நாம் அறியோம். அதே யந்திரத்தில்தான் பாங்கிக் கணக்கையும் பார்க்கிறோம். இரண்டு எஜமானர்களுக்கு ஒரே சமயத்தில் அடிமையாவதற்கு 200 ரூபாய் கொடுப்பானேன்?

நமது எழுத்து நமக்கே புரியாமல் போன கதை

மூடிய பெட்டியின் தீங்கை நான் என் சொந்தக் கையாலேயே அனுபவித்திருக்கிறேன். 2003ஆம் வருஷம் பேய் பிடித்தல் என்கின்ற புரட்டைப் பற்றி 48 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதி, ஓர் அச்சகத்தில் தட்டெழுதி வாங்கி வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்துக்கொண்டது. ஒருவர் "அ" என்று வைத்த இடத்தில் மற்றவர் வேறொன்றை வைத்தார். ஊருக்குப் பத்து அச்சகம் இருந்தால் பத்துத் தாழ்ப்பாள். பல வருஷம் கழித்து மறுபதிப்புப் போடலாம் என்று அந்தக் கோப்பைத் திறந்தால், திரை முழுவதும் குறுக்குக் கோடும் கேள்விக்குறியுமாய்ப் பேயே எழுதினது போல் இருந்தது! அந்த எழுத்துருவை விற்றவர் கடையை மூடிக்கொண்டு வெகுநாள் ஆயிற்று. கையில் இருந்த அச்சுப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பது இரவு உட்கார்ந்து மறுபடியும் தட்டினேன். யோசித்தது நான், எழுதினது நான், கூலி கொடுத்தது நான். திறக்கின்ற உரிமை மாத்திரம் வேறொருவனிடம்!

இந்தத் தொல்லை தீர்ந்தது எதனால்? எந்தக் கம்பெனியும் பூட்டமுடியாத, எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வந்ததனால்தான். தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. இன்று சென்னையில் தட்டின தமிழ் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அப்படியே திறக்கின்றது. எழுத்துக்கு இந்தப் பொதுமை நல்லது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், அந்த எழுத்தைச் சேமித்துவைக்கின்ற கோப்புக்கும், கோப்பை வைத்திருக்கின்ற இயங்குதளத்துக்கும் மாத்திரம் அது வேண்டாம் என்பது என்ன நியாயம்? லிப்ரேஆபீசு உபயோகிக்கின்ற ஓடிஎஃப் கோப்பு முறை 2006லேயே சர்வதேசத் தர நிர்ணயம் பெற்றது. அதன் இலக்கணம் வெளியாய் இருக்கின்றது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமற்போனாலும், இலக்கணம் படித்த இன்னொருவன் அதைத் திறக்கின்ற மென்பொருள் எழுதிக்கொள்ளலாம்.

லினக்ஸ் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்ன பிறகு, நம் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கின்றது. ஒரு சாதாரண மனிதன் ஆசையாய் வந்து "எதைப் போட்டுக்கொள்ளலாம்?" என்று கேட்டால், உபுண்டுக்காரர் ஒன்று சொல்ல, டெபியன்காரர் அதை மறுக்க, ஃபெடோராக்காரர் இருவரையும் திட்ட, வந்தவன் பயந்து ஓடிப்போகிறான். யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடினவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? யானைக்குத் தீனி போடுகிறவர்களைக் காணோம்! "அச்சு யந்திரம் ஓடவில்லை" என்று ஒருவன் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து ஓட வைத்துக் கொடுப்பதற்குப் பதிலாய், "நீ படித்துத் தெரிந்துகொள்" என்று ஏளனம் செய்வதும் அதிகமாய் இருக்கின்றது. அறிவைப் பொதுவாக்கப் புறப்பட்டவர்கள், அறிவு இல்லாதவனைக் கண்டு சிரித்தால், பூட்டி வைத்தவனைவிட எந்த விதத்தில் உயர்ந்தவர்கள்?

லினக்ஸ் சாகாவரம் பெற்றது என்றும் எண்ணவேண்டாம். அதுவும் பழைய யந்திரங்களை நாளடைவில் கைவிடத்தான் செய்கின்றது. 2020இல் வந்த மின்ட் 20ஆம் பதிப்பிலேயே 32 பிட் யந்திரங்களுக்கு இடமில்லை. வித்தியாசம் என்னவென்றால், மூலநிரல் வெளியே இருப்பதால், கைவிடப்பட்ட யந்திரத்துக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ள நினைத்தால் தடுப்பார் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நாளைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாறாதீர்கள். இப்பொழுது இருக்கின்ற விண்டோஸிலேயே லிப்ரேஆபீசையும் ஃபயர்பாக்ஸையும் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். கை பழகிவிட்டால் கீழே இருக்கின்ற மேஸ்திரி மாறினாலும் வேலை தட்டுக்கெடாது. இரண்டாவது, முக்கியமான கோப்புகளை வெளியே வேறோரிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். மூன்றாவது, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, உங்கள் அச்சு யந்திரம், வைஃபை, தமிழ்த் தட்டச்சு, நீங்கள் போகவேண்டிய தளங்கள் எல்லாம் சரியாய் நடக்கின்றனவா என்று சோதியுங்கள். மின்ட்டுக்கு 4 ஜிபி நினைவகம் இருந்தால் சாதாரண வேலைக்குப் போதும். நடந்தால் ஏற்றுங்கள், நடக்காவிட்டால் விடுங்கள். நான்காவது, ஊருக்கு ஒரு படிப்பகத்திலாவது ஒரு யந்திரத்தில் இதை வைத்து, தெரிந்த பிள்ளை ஒருவர் வாரத்தில் ஒரு மாலை தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி செய்யுங்கள். மூனிக்கில் நடந்ததும் நம் மடிக்கணினிகளுக்கு நடந்ததும் இங்கேயும் நடக்காமலிருக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பேச்சுக்கு, இவற்றில் எதையும் செய்ய இஷ்டமில்லை, விண்டோஸே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான். சோதித்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று மாத்திரம் செய்யுங்கள். அடுத்த தடவை அந்தச் "சம்மதம்" என்கின்ற கட்டம் வரும்போது, விரலைச் சற்று நிறுத்தி, மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரைக் கேளுங்கள். மையைத் தோய்த்துக்கொண்டு நின்ற நம் பாட்டனுக்கு வாசித்துக் காட்ட அன்றைக்கு ஆளில்லை. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.